குழி எண் பதினேழு

பெரியபட்டினத்துக்குக் கிழக்கே, கடலிலிருந்து
நானூற்று இருபது மீட்டர்.
சரிவு: ஒன்றுக்கும் குறைவு. தாவரம்: பனை, உடைமுள்.
படிவத்தின் முதல் பக்கம் இவ்வளவுதான் கேட்கிறது.
காற்றைக் கேட்பதில்லை.
நிறப்புத்தகத்தைப் பிரிக்கவிடாமல்
அது என் கட்டைவிரலோடு மல்லுக்கு நின்றதைக்
குறிப்புகள் கட்டத்தில் எழுதலாமா என்று யோசித்தேன்.
எழுதவில்லை.

சாத்தையா மண்வெட்டியால் சுவரைச் சீவினார்.
ஒரு சுவராவது முழு வெயிலைப் பார்க்க வேண்டும்;
அதன் மேல்விளிம்பை யாரும் மிதிக்கக் கூடாது.
இது ஆடுகளுக்குத் தெரியாது.

மேலே பதினெட்டு சென்டிமீட்டர் வெளிர் பழுப்பு,
பனைவேர் நூல்நூலாய்.
எச்சில் தொட்டுப் பிசைந்தேன் (குப்பித் தண்ணீர்தான் விதி).
உருண்டை நின்றது. விரலிடையே நாடாவாகத் தள்ளினால்
நகத்தளவு வந்து அறுந்தது.
களி குறைவு, மணல் நிறைய என்று
மண் தன் வாயால் சொல்வது இப்படித்தான்.

அதன்கீழ் சாம்பல் நிறம். எங்கே தொடங்குகிறது என்று
கத்தியால் கோடு போட்டேன்,
அழித்து இரண்டு விரல் கீழே போட்டேன்.
எல்லை: படிப்படியானது.
தெளிவானது என்று எழுதினால்
மாவட்ட அலுவலகம் சந்தோஷப்படும்.

எழுபதில் சிப்பித்தூள்.
அமிலம் ஒரு சொட்டு; சோடா மூடி திறந்ததுபோல் சீறியது.
"கடல் இன்னும் உள்ளேதான் குத்தவச்சிருக்கு"
என்றார் சாத்தையா.
நான் எழுதியது: சுண்ணாம்பு, மிகுதி.

நூற்றுப் பத்தில் ஈரம். நூற்று இருபத்தைந்தில் தண்ணீர்.
கருவியை இறக்கினேன்.
பூஜ்யம் புள்ளி ஏழு.
தட்டிப் பார்த்து மறுபடி இறக்கினேன்.
பூஜ்யம் புள்ளி ஏழு.
உப்பின் முதுகில் மழை மிதந்துகொண்டிருந்தது.

கலங்கல் தெளியட்டும் என்று சோற்றுக்குப் போனோம்.

திரும்பி வந்தபோது குழிக்குள்
பாத்துமுத்து நின்றாள், கையில் கொட்டாங்குச்சி.
மேலே நான்கு குடங்கள், ஒன்று பச்சை, மூன்று நீலம்.
வெயில் பார்க்கச் சீவி வைத்த சுவரில்
இறங்குவதற்கு இரண்டு படி வெட்டியிருந்தாள்.
ஒன்று சாம்பலில், ஒன்று சிப்பித்தூளில்.

"அக்கா, இது அளக்குறதுக்கு வெட்டின குழி."
"நானும் அளந்துக்கிட்டுத்தான் இருக்கேன்.
நாலு ஆச்சு. இன்னும் ஊறுது."
நிமிர்ந்து என் பலகையைப் பார்த்தாள்.
"எங்க எடத்துக்கு என்ன எழுதிருக்க?"

நிலத்திறன் வகுப்பு: ஆறு.
உழவுக்கு ஏற்றதல்ல; மேய்ச்சலுக்கும் மரத்துக்கும் ஆகலாம்.
சொன்னேன்.
"அதான் தெரியுமே" என்று குடத்தைத் தூக்கிவிடச் சொன்னாள்.

படிவத்தின் கடைசிக் கேள்வி:
குழி மூடப்பட்டதா? ஆம் / இல்லை.
இல்லை என்றால் காரணம்.
ஊறிக்கொண்டிருக்கிறது என்று எழுதினேன்.
மூன்றாம் நாள் போனில் கேட்டார்கள்:
இது என்னம்மா காரணம்?

பதினெட்டாம் குழியின் இடத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை.
வரைபடத்தில் கட்டம் போட்டு எந்திரம் எறிந்த புள்ளி அது,
கழிமுகத்தின் ஓரம், உமரிப்பூண்டு சிவந்த தரை.
எங்களுக்கு முன்னால் குடங்கள் வந்திருந்தன.
பதினொன்று. எண்ணினேன்.
ஜெயிலானி ஒரு குச்சியை நட்டுவைத்து
"இங்கிட்டு வெட்டுங்க, மேடு" என்றார்.
புள்ளி அறுபது மீட்டர் தள்ளி இருந்தது.
புள்ளியில்தான் வெட்டவேண்டும். வெட்டினோம்.

எண்பதிலேயே தண்ணீர் வந்தது.
கருவியை இறக்க எல்லோரும் குனிந்தார்கள்.
ஒன்பது புள்ளி நான்கு.
எண் யாருக்கும் புரியவில்லை;
என் முகத்தைப் படித்தார்கள்.
பாத்துமுத்து மட்டும் ஒரு விரல் தொட்டு
நாக்கில் வைத்துத் துப்பினாள்.

யாரும் எதுவும் சொல்லவில்லை.
வெறுங்குடங்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம்
உடைமுள் தாண்டிப் போகும்வரை கேட்டது.

நீல மை. மூன்றாம் பக்கம். உவர்: கடுமை.
அதற்கு ஒரு குறியீட்டு எண் இருக்கிறது.
எழுதினேன்.
சாத்தையா குழியை மூடத் தொடங்கினார்.
ஜெயிலானி நட்ட குச்சி
காற்றில் ஆடிக்கொண்டு நின்றது,
அறுபது மீட்டர் தள்ளி.