எண்பத்தெட்டு

கடைக்காரன் நல்லவன்தான்.
யமந்துவின் இடது சட்டைக்கை
பைக்குள் செருகியிருப்பதைப் பார்த்துவிட்டுப்
பார்க்காதவன்போல்
நாற்பத்தொன்பது கட்டைகள் உள்ள சின்ன கீபோர்டை
முன்னால் நகர்த்தினான்.
"எடை குறைவு. மேசையில் அடங்கும். விலையும் பாதி."

யமந்து பதில் சொல்லவில்லை.
மூலையில் துணி போர்த்திக் கிடந்த நீளமானதன்
கடைக்கோடிக் கட்டையை, எல்லாவற்றிலும் தாழ்ந்ததை,
உடம்பை வளைத்து வலது கையால் அழுத்தினான்.
கடைக் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.
"எண்பத்தெட்டு" என்றான்.

"அந்தப் பக்கம் உனக்கு எட்டாதே."
சொன்னது நான். எனக்கு வாய்க்கொழுப்பு.

"எட்டாவிட்டால் என்ன. இருக்கட்டும்."

ரொட்டி வண்டியில் ஏற்றி வந்தோம்,
மாவு வாசனையோடு, ஜூலைக் குளிரில்.
மொண்டேவீடியோவில் மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது.
துடைப்பக் கட்டையால் அளந்ததில்
பிரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் குறைந்தது.
பிரிட்ஜ் நடைக்குப் போனது.
அன்றிலிருந்து பால் எடுப்பதானால்
முதலில் வாசற்கதவைச் சாத்தவேண்டும்.

முதலில் வாங்கிய மைக்குக்குப் பாம்புச் செவி.
மேல்மாடி துல்சியோவின் இருமல்,
முக்கில் திரும்பும் பேருந்தின் பிரேக்,
ஞாயிற்றுக்கிழமை தெருவில் இறங்கும் முரசுகள்,
மாத்தேயின் கடைசிச் சொட்டை நான் உறிஞ்சுவது,
ஒன்றையும் விடவில்லை அது.
பக்கத்து அறையில் போனை எடுத்து
தங்கையிடம் நான் மெல்லச் சொன்னதையும்:
"ஒரு மாதம். பார், விட்டுவிடுவான்."

போட்டுக் கேட்டபோது
ஹெட்போனைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தான்.
பிறகு, "மைக் நல்ல மைக்" என்றான்.
மறுநாளே அதை விற்றுவிட்டேன்.

அப்புறம் வெறும் வயர்.
கீபோர்டின் முதுகிலிருந்து சின்னப் பெட்டிக்கு,
பெட்டியிலிருந்து கணினிக்கு.
இருமல் இல்லை, பேருந்து இல்லை, நான் இல்லை.
இசை சுத்தமாகத்தான் வந்தது.
ஆனால் வீடியோவில் விரல் விழுகிறது, கட்டை அமிழ்கிறது,
விழுந்ததன் சத்தம் எங்கும் இல்லை.
கண்ணாடித் தொட்டிக்கு அந்தப் பக்கம்
மீன் வாய் திறந்து மூடுவதுபோல.

ஆகவே மறுபடி கடை.
இந்த முறை மலிவானது, அரைச்செவிடு.
கட்டைகளுக்கு ஒரு விரற்கடை மேலே தொங்கவிட்டு
ஜன்னல் காற்று படாமலிருக்க
அவனுடைய இடது கையுறையை மாட்டினேன்.
இரண்டு குளிர்காலமாக அலமாரியில்
புதிதாகவே கிடந்த கையுறை அது.
அவன் பார்த்தான்.
"பொருந்துகிறது" என்றான்.

படம் போனில், ஒலி கணினியில்.
இரண்டையும் ஒட்டுவதற்கு
ஆரம்பத்தில் ஒருமுறை கைதட்ட வேண்டுமாம்.
ஒரு கை தட்டினால் ஓசை ஏது?
மேசையில் அடித்துப் பார்த்தான், போன் ஆடிற்று.
தொடையில் அடித்தான், எங்கும் பதியவில்லை.
கடைசியில் வலது உள்ளங்கையை
என் பக்கம் நீட்டினான்.
பாத்திரம் துலக்கிய ஈரத்தோடு
என் இடது கை போய் மோதியது.
திரையில் ஒரு முள் எழுந்து அடங்கியது.

போனை இன்னும் உயரத்தில் வை என்றான்.
தொடாத பாதியும் தெரியவேண்டுமாம்.
அங்கே எங்கள் பூனை படுத்திருந்தது,
இருபது கட்டைகளை மௌனமாக அமுக்கியபடி.
வால்யூமைத் திறந்தோம். பூனை ஓடிற்று.
அதை வைத்துக்கொள்ளலாம் என்றேன், அவன் கேட்கவில்லை.

பாட்டு முடியும் இடத்தில்
ஒரே ஒரு தாழ்ந்த சுரம் தேவைப்படுகிறது.
என்னைப் பார்க்காமல் தலையசைத்தான்.
போனின் கண்ணுக்கு வெளியே நின்று
ஆள்காட்டி விரலை நீட்டினேன்.
தாமதம்.
கணினி பிந்தினால் திருத்த அதில் ஓர் எண் இருக்கிறது.
என் விரலுக்கு இல்லை.

"மறுபடி" என்றான்,
உள்ளங்கையை நீட்டி.