தொடங்கிய ஆண்டு

பிரதேச சபைப் படிவத்தில் ஏழாவது கேள்வி:
உணவகம் தொடங்கிய ஆண்டு.
நாலு இலக்கத்துக்கு நாலு கட்டம்.
அதற்குமேல் இடமில்லை.

ஐம்பத்தெட்டு என்று போடலாம்.
பஸ் கொம்பனிகளை அரசாங்கம் எடுத்த வருஷம்
ஓடாத வண்டியொன்றை இரும்பு விலைக்கு வாங்கிக்
கொடிகாமத்தில், கண்டி வீதியோரம்
நாலு கல்லில் ஏற்றிவைத்தார் மாமா கதிரித்தம்பி.
சாரதி இருந்த இடத்தில் அடுப்பு.
சீற்றில் இருந்தபடியே சனம் தோசை தின்றது.
“எப்ப வெளிக்கிடும்?” என்று கேட்காத ஆளில்லை.
“சாம்பார் ஏறினவுடனே” என்பாராம்.

தொண்ணூற்றைந்து என்றும் போடலாம்.
வலிகாமம் முழுக்க மழையில் நடந்த அந்த ஐப்பசி
காசுப்பெட்டியைப் பூட்டிவிட்டு
இங்கே கஞ்சி காய்ச்சினார்கள்.
நான் அப்போது இந்த வீட்டு மருமகள் இல்லை,
வரிசையில் நின்றவள்.
வாளியோடு வந்த சிவபாதசேகரம்
என் கோப்பையில் இரண்டு அகப்பை ஊற்ற
பின்னால் நின்ற கிழவர் சண்டைக்குப் போனார்.
நியாயமான சண்டை.

இரண்டாயிரத்தில் ஷெல்லடி.
திரும்பி வந்தால் வண்டியில்லை.
தகடுகள் எந்தப் பங்கருக்குக் கூரையாய்ப் போயினவோ.
ஸ்ரியரிங் வளையம் மட்டும் பற்றைக்குள் கிடந்தது.

பாதை திறந்தபோது
அதே நாலு கல்லின்மேல் கொட்டில் போட்டோம், கொத்துரொட்டி போட்டோம்.
நாலு வருஷம்.
பாதை பூட்ட அடுப்பும் அணைந்தது.

அல்லது இரண்டாயிரத்துப் பத்து?
தெற்கிலிருந்து வரிசையாக பஸ்கள்.
இரவு இரண்டு மணிக்கு இறங்கிய நூறு பேரும்
சாப்பாடு கேட்கவில்லை, கழிப்பறை கேட்டார்கள்.
இருந்தது ஒன்று. கடன் எடுத்து மூன்று கட்டினோம்.
கடைசித் தவணை கட்டும்போது
சிவபாதசேகரம் படத்தில் இருந்தார்.
பெயர்ப்பலகையில் மூன்று பாஷை,
மூன்றிலும் ஏறக்குறைய தோசைதான்.

“ஏதாவது ஒன்றைப் போடுங்கோ அக்கா,”
பிளேன்ரீயை ஊதியபடி சபைப் பொடியன்.

தொண்ணூற்றைந்து என்று எழுதினேன்.

“ஆதாரம் இணைக்கவேணும்.”

உப்புப் போட்டு வைத்திருக்கிற
அந்தக் கோப்பையைப் பார்த்தேன்.
குத்த ஊசி காணாது.

வெளியே வான் ஒன்று வந்து நின்றது. ஒன்பது பேர்.
மா காணுமோ என்று பார்க்க
எழும்பிப் போனேன்.