பழைய ஃபைல் அறை

எங்கள் ஆபீசில் எழுதாத விதி ஒன்று உண்டு.
ஜூலை மாதத்தில் அழுகை வருபவர்கள்
பழைய ஃபைல் அறைக்குப் போகலாம்.
ஐந்து நிமிடம்.
திரும்பி வரும்போது கையில் ஒரு ஃபைல் இருக்கவேண்டும்,
தேடத்தான் போனது போல.
எந்த ஃபைல் என்று யாரும் கேட்பதில்லை.

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் உயரத்துக்கே
எங்கள் இரண்டாம் மாடி.
லாரிகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்துவிட்டுப் போகும்.
வெளியே சாரல்.
உள்ளே வருமான வரித் தளம்
சுற்றிக்கொண்டே இருக்கிறது,
ஆள் ஏறாத ராட்டினம் போல.

ஷெர்லின் கால்குலேட்டரைப் பேன் நசுக்குவதுபோல் அழுத்துவாள்.
விபின்தாஸ் மூன்று மணிக்குக் கீழே போய்
நாலு ரசவடை தின்றுவிட்டு வந்து
"எனக்குப் பசியே இல்ல" என்பான்.
நேசையன் சார் ஜெலுசிலைப் பாட்டிலோடு கவிழ்த்து,
மீசையில் வெள்ளை ஒட்டியிருக்க
"டிடிஎஸ் ஒத்துப்போச்சா?" என்பார்.
நான் வண்டி எண்களைக் கூட்டுவேன்.
பாலத்தில் போகும் எதுவானாலும் நாலு இலக்கத்தையும்.
ஒன்பது வந்தால் நல்லது நடக்கும்.
வராவிட்டால்
அடுத்த லாரி.

ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர்
வருஷத்து ரசீதையெல்லாம் ஹார்லிக்ஸ் பாட்டிலில் அடைத்து
மழையில் நனையாமல் கொண்டுவந்தார்.
பாட்டிலைத் திருப்பிக் கேட்டார்.
ஓய்வுபெற்ற தலைமையாசிரியை மார்கிரெட் பாய்
"போன வருஷம் ரீஃபண்டு வந்துதே" என்று
என் கைப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அன்றைக்கு நான் அறைக்குள் போனேன்.
உள்ளே தரையில் இஞ்சி மிட்டாய்த் தாள்கள்.
எங்கள் மூவரில் யாரும் இஞ்சி மிட்டாய் தின்பதில்லை.

முப்பத்தொன்றாம் தேதி. இரவு பதினொன்று இருபது.
மிச்சம் ஒரே ஆள், தேங்காய்ப்பட்டணம் கிளீட்டஸ்.
கடலுக்கும் அன்றுதான் கெடு:
அறுபத்தொரு நாள் தடை நள்ளிரவில் முடிகிறது.
விசைப்படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.
கடவுச்சொல் மறந்துவிட்டது.
ஓடிபி அவர் போனுக்குத்தான் வரும்.
கொஞ்சம் தூரம் போய்விட்டால் டவர் கிடையாது.

"வந்திட்டு பிள்ளே, எழுதிக்கிடு.
நாலு. பூச்சியம். ஒம்பது. அஞ்சு. ரெண்டு..."
ஆறாவதைக் காற்று கொண்டுபோயிற்று.
"ஏழா எட்டா அண்ணே?"
எஞ்சின் சத்தம்.
யாரோ யாரையோ கயிறை அவிழ்க்கச் சொல்லும் சத்தம்.
"அண்ணே, ஏழா எட்டா?"
என் நாற்காலிக்குப் பின்னால் மூன்று பேர்
மூச்சுவிடாமல்.

கூட்டினேன்.
அஞ்சு எண்ணும் சேர்ந்து இருபது.
ஏழு போட்டால் இருபத்தேழு. ஒன்பது!
ஏழு போட்டேன்.
தவறான ஓடிபி என்றது தளம்.

எட்டு.

பதினொன்று ஐம்பத்தொன்றுக்கு ஒப்புகைச் சீட்டு வந்தது.
யாரும் கை தட்டவில்லை.
"பசிக்குது" என்றான் விபின்தாஸ்.
நேசையன் சார் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு
பழைய ஃபைல் அறைக்குப் போனார்.
ஐந்து நிமிடம் ஆயிற்று.
பத்து ஆயிற்று.
ஷெர்லின் ஃபேன் வேகத்தைக் கூட்டினாள், சும்மா, சத்தத்துக்காக.
வந்தபோது அவர் கையில்
எப்போதோ பூட்டிப்போன ஒரு முந்திரி ஆலையின் ஃபைல்.
"இது இங்கதான் கிடக்குதா" என்றார்.
"ஆமா சார்" என்றோம் மூவரும்.

மழையில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.
நாற்காலிகளைச் சேர்த்துப் போட்டுத் தூங்கினோம்.
விடிந்ததும் கருங்கலுக்கு முதல் பஸ்.
கண்டக்டர் மகளிர் சீட்டைக் கிழித்துத் தந்தார்.
கட்டணம்: பூஜ்யம்.
இரண்டு தடவை வாசித்தேன்.
கொடுக்கவும் இல்லை, வாங்கவும் இல்லை,
எந்தப் பத்தியிலும் ஏற்றவேண்டாம்.
சீட்டை மடித்து வளையலுக்குள் செருகிக்கொண்டேன்.

எதிரே ஒரு தண்ணீர் லாரி.
பார்க்கக்கூடாது என்றுதான் இருந்தேன்.
எட்டு, ஒன்று, நாலு, ஒன்று.
ஐந்து.
போகட்டும்.