விழாத மண்

குன்னூரிலிருந்து கடைசிப் பேருந்து வரவில்லை.
எஸ்டேட் மழைமானியில் இருநூற்றுப் பதினெட்டு.
அதற்குமேல் குடுவை வழிந்துவிட்டது.
வழிந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

ஊட்டிக் கட்டுப்பாட்டு அறையில் கேட்டார்கள்:
"விரிசல் என்ன அகலம்?"
என் செருப்பு நுழைகிறது, சார்.
"அளவா சொல்லுங்கம்மா."
ஆறாம் நம்பர் செருப்பு, சார்.

டான்டீ லைன் வீடுகள் முப்பத்தொன்று.
நானும் மேஸ்திரி பெள்ளியும் கதவு கதவாகத் தட்டினோம்.
டார்ச் அவரிடம், குடை என்னிடம்,
இரண்டும் பாதி வழியில் கைவிட்டன.

முத்துராக்கு அசையவில்லை.
"மண்டபம் கேம்புல இருந்து ஏத்திட்டு வந்து
இங்க விட்டீங்க. இங்கேருந்து இப்ப எங்க?"
பள்ளிக்கூடத்துக்குத்தான் அக்கா,
விடிஞ்சதும் திரும்பிடலாம்.
"அப்பவும் இப்பிடித்தான் எதையாவது சொன்னாங்க."
பசுவை அவிழ்த்த பிறகே கிளம்பினாள்.
ஐந்தாம் வகுப்பில் ஆட்கள்,
சத்துணவுக் கூடத்தில் பசு.
கீழே பொக்லைன் விடியும்வரை உறுமிக்கொண்டிருந்தது.

காலையில்
மலை நின்ற இடத்திலேயே நின்றது.
வெயில்கூட அடித்தது, வெட்கமில்லாமல்.
"எங்கங்க மலை விழுந்துச்சு?"
கேட்டவன் சிரிக்கவில்லை.
ஒருநாள் கொழுந்துக் கூலி போயிருந்தது அவனுக்கு.
உப்புமா வாளியின் அடியில் ஆறிக் கிடந்தது.

ஆடியில் தணிக்கை வந்தது.
ரவை பதினெட்டுக் கிலோ, பால், தார்ப்பாய் இருபது,
பொக்லைன் இரவு வாடகை.
பக்கத்தில் பச்சை மையில்:
'சேதம் ஏதும் ஏற்படாத நிலையில்
இச்செலவினத்தின் அவசியம் விளக்கப்படவில்லை.'

"ஒரு போட்டோ இணைச்சிடுங்க மேடம்," என்றார் பெள்ளி.
எதை எடுப்பது?
முப்பத்தொரு வீட்டிலும் புகை எழுகிறது.
கொடியில் சட்டை காய்கிறது.
ஒரு பையன் பல் விளக்காமல்
என்னையே பார்க்கிறான்.
இவன் இருப்பதை
எந்த இணைப்பு எண்ணில் சேர்ப்பது?

'உயிரிழப்பு: இல்லை' என்று தட்டச்சினேன்.
அழித்தேன்.
திரும்ப அதையே தட்டச்சினேன்.

சாயங்காலம் மேலே ஏறிப் பார்த்தேன்.
விரிசலில் புல் முளைத்து அழகாகத்தான் இருந்தது.
செருப்பைக் கழற்றி வைத்துப் பார்த்தேன்.
இப்போது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நுழைகின்றன.

ஐப்பசிக்கு மூன்று மாதம்.
முத்துராக்குவின் பசு ஆறுமாதச் சினை.
பள்ளிக்கூடத்துக்கு எண்பத்தாறு படி,
நிறைமாத மாடு ஏறாது,
அது ஏறாமல் அவளும் ஏற மாட்டாள்.
பெள்ளியிடம் சொன்னேன்,
வேறு வழி பார்க்க வேண்டும்.