பன்னீர் திராட்சை

செக்காலை ரோட்டில், ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு மேல்மாடி.
மூன்று திரை, ஒரு ஹெட்செட்,
என் பெயர் ஒட்டிய பிளாஸ்டிக் டம்ளர்.
இங்கிருந்து நாற்பத்தொரு பேரைப் பார்த்துக்கொள்கிறேன்.
வார்டை விட்டு வந்த பிறகுதான்
அந்தச் சொல் எனக்கு இரண்டாக உடைந்தது:
பார்க்கிறேன். கொள்ள முடியவில்லை.

பள்ளத்தூர் வெள்ளைச்சாமி, லாரி ஓட்டியவர்.
சர்க்கரை. இடது கால் கட்டைவிரலில் புண்.
காலை எட்டேகாலுக்கு அவர் மனைவி பஞ்சவர்ணம்
போனைச் செம்பில் சாய்த்து வைப்பார்.
வழுக்கும், நிமிர்த்துவார், மறுபடி வழுக்கும்.
கொஞ்சம் கூரை. கொஞ்சம் மூக்குத்தி.
அப்புறம் கால்.

"சலைன் ஊத்திப் பிரிங்க. இழுக்காதீங்க."
மேஜைக்கு அடியில் என் விரல்கள்
தாமாகவே பிரித்துக்கொண்டிருக்கும்.

வார்டில் மூக்குதான் முன்னால் போகும்,
நான் பின்னால் போவேன்.
ஏழாம் படுக்கையா ஒன்பதா என்று கதவருகிலேயே தெரியும்.
இங்கே எல்லாப் புண்ணுக்கும் ஒரே வாசம்,
சூடேறிய ஹெட்செட்.

அதனால் கேட்டேன்: "அக்கா, எப்படி மணக்குது?"
இருபது வருடம் மெஸ் அடுப்படியில் நின்றவர்.
புருஷன் காலை மோந்து சொல்வதற்குக் கூசினார்.
பிறகு குனிந்தார்.
"முந்தாநேத்து ஊறப்போட்ட அரிசி."
மறுநாள்: "புளிச்ச மாவு. கெட்ட புளிப்பு இல்ல."
படிவத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.
'இதர' என்ற இடத்தில் எழுதி வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை கால் அழகாக இருந்தது.
சிவப்பு வடிந்து, வெள்ளை வெளேரென்று.
'முன்னேற்றம்' என்று பாதி அடித்துவிட்டேன்.
அவர் குனிந்த தலை நிமிரவில்லை.
"ஜெசிந்தா சிஸ்டர், பன்னீர் திராட்சை.
கூடைக்கு அடியில நசுங்கிக் கெடக்குமே, அது.
இனிப்பா வருது. எனக்குப் பிடிக்கல."

"அந்தத் துணியை ஜன்னல்கிட்ட காட்டுங்க."
வெள்ளை.
"உங்க கண்ணுக்கு என்ன நிறம்?"
"பச்சை. பாசிப் பச்சை. ஏன், அங்க தெரியலையா?"

மகள் விட்டுப்போன போன் அது.
முகத்துக்குப் பவுடர் பூசும் கேமரா.
எத்தனை நாளாகப் புண்ணுக்கும் பூசியதோ.

டாக்டருக்குச் சொன்னேன், வண்டிக்குச் சொன்னேன்.
பள்ளத்தூரிலிருந்து கிளம்பும் சத்தம் காதில் கேட்டது,
யாரோ "செருப்பு, செருப்பு" என்றார்கள்,
யாருக்கு என்று தெரியவில்லை.
பிறகு கூரை மட்டும் நெடுநேரம் தெரிந்தது.
போனை அணைக்க அங்கே ஆளில்லை.
நானும் அணைக்கவில்லை.

எழுந்து போய்க் கை கழுவினேன்,
முழங்கை வரை.
காலையிலிருந்து நான் தொட்டது
அந்த டம்ளரை மட்டும்தான்.

விரல் போயிற்று. கால் இருக்கிறது.

நேற்று ஒரு படம் வந்தது பஞ்சவர்ணத்திடமிருந்து:
வாழையிலையில் ஒரு கரண்டி கும்மாயம்,
ஓரத்தில் நெய் கசிந்திருந்தது.
கீழே, 'வாசம் வருதா?'

வருது என்று எழுதினேன்.
அடுத்த வரியில்:
அவருக்குக் குடுக்காதீங்க.