ஏழாவது டிரம்

பதினோராம் கொண்டை ஊசி வளைவில்
ஒரு பாட்டில் வெடித்துவிட்டதாம்.
நனைந்த சட்டையோடு வந்து நிற்கிறார் சுகவனம்.
பக்கத்து இருக்கைக்காரர்
ஏரி வரும்வரை முகத்தைத் திருப்பவே இல்லையாம்.
மீதி ஐந்து, ஈரச் சாக்கில்.
கேட் நோட்டில் ‘சோப்பு எண்ணெய்’ என்று எழுதி
உள்ளே விட்டேன்.

செவ்வாய்ப்பேட்டையில்
ஜவ்வரிசிக்கு ஈரப்பதம் பார்க்கிற மனிதர்.
வெண்மை எத்தனை, அமிலம் எத்தனை என்று
ஊரார் மாவுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு
ராத்திரி மொட்டைமாடி அறையில்
நீல டிரம்மின் மூடியில் காதை வைத்துக்
குமிழி எண்ணுகிறவர்.
ஆறு டிரம் சாக்கடைக்குப் போனது.
இது ஏழாவது.

லேபிளில் பேனாவால் ஒரே சொல்:
கூதிர்.
‘கார், கூதிர், முன்பனின்னு ஒப்பிச்சோமே ரெஜினா மேடம்,
மிச்சமெல்லாம் எங்கேயாவது கேட்டிருக்கோம்.
கூதிரை மட்டும் பரீட்சையோட விட்டுட்டோம்.
ஐப்பசியும் கார்த்திகையும் இருக்கத்தானே இருக்கு.’

இருக்கத்தான் இருந்தது.
ஜன்னலுக்கு வெளியே நாகலூர்ச் சரிவு முழுக்கக் காணோம்.
சில்வர் ஓக் இடுப்பு வரை மட்டும்.
காபிச் செடியில் பச்சைக் காய்களுக்கு நடுவே
ஒன்றிரண்டு சிவந்திருந்தன,
வாய்தவறி வந்த கோபம் மாதிரி.

இந்த மேசையில் எனக்கு நாளுக்கு நாற்பது கிண்ணம்.
கரண்டி. ஓர் உறிஞ்சல். நாக்கில் ஒரு சுற்று.
பிறகு பித்தளைப் பாத்திரத்தில் துப்பல்.
பத்தொன்பது வருடம்.
இந்த மலைக் காபியில் ஒரு மடக்கு
வேலை நேரத்தில் விழுங்கியதில்லை.
விழுங்கினால் தீர்ப்புக் கலங்கும்.

பழக்க தோஷம், அவருக்கும் ஒரு படிவம் எடுத்தேன்.
நிறம்: மழைக்கு மறுநாள் செம்மண்ணில் இறங்கும் ஓடை.
நுரை: சீக்கிரம் அடங்குகிறது.
மணம்: கமலா ஆரஞ்சுத் தோல், இடித்த மிளகு,
லேசாய்க் கருகிய சாமை.
அதற்கும் அடியில்
கல்யாண மண்டபத்தின் மறுநாள் காலை.
‘கடைசி வரி வேணுங்களா?’ என்றார்.
எழுதினேன்.

ஒரு வாய் எடுத்து, சுற்றி,
பாத்திரத்தை நோக்கிக் குனிந்தேன்.

‘துப்பாதீங்க!’

அவர் குரல் அத்தனை உயரும் என்று
அவருக்கே தெரியாது போல. தணிந்தார்.
‘இதோட கசப்பு நாக்குல இல்லீங்க.
தொண்டைக்குப் பின்னால உக்காந்திருக்கு.
முழுங்காம அது பேசாது.’

குனிந்தபடியே நின்றேன்.
பித்தளையின் அடியில் என் முகம்,
கன்னம் உப்பிய, வயதான பள்ளிக்கூடப் பிள்ளை.

விழுங்கினேன்.

முதலில் ஒன்றுமில்லை.
மிளகு போனது, ஆரஞ்சு பின்னாலேயே போனது.
எல்லாரும் போன பிறகு
கதவைச் சாத்த வருகிறவன் போல
அது வந்தது.
‘கசப்பு’ என்று எழுதி அடித்தேன்.
‘துவர்ப்பு’, இல்லை.
‘காறல்’, பக்கத்தில் வருகிறது, அதுவும் இல்லை.
சரியாய்க் காயாத ஸ்வெட்டரை
வேறு வழியில்லாமல் போட்டுக்கொண்டு கிளம்புகையில்
முதுகில் படுகிற சில்லிப்பு,
கொஞ்ச தூரம் நடந்ததும்
உடம்பே அதை உலர்த்திக்கொள்கிற வெதுவெதுப்பு.
இத்தனைக்கும் படிவத்தில்
ஒரு விரல் அகலக் கட்டம்.

மாதிரி வறுக்கிற சடைச்சி
அடுப்பை அணைத்துவிட்டு வந்து
தனக்கும் ஒரு வாய் கேட்டாள்.
குடித்தாள். யோசித்தாள்.
‘நனைஞ்ச நாய் அடுப்போரம் படுத்த மாதிரி இருக்கு.’
சுகவனம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
‘இன்னும் கொஞ்சம் ஊத்துங்க’ என்றாள்.

அவள் சொன்னதை மட்டும்
சாக்பீஸ் கறைபட்ட கைப்பையிலிருந்து
நோட்டு எடுத்து எழுதிக்கொண்டார்.
என் படிவத்தை மேசையிலேயே மறந்துவிட்டுப் போனார்.

மூன்று மணிக்கு வாழவந்தி லாட், பன்னிரண்டு கிண்ணம்.
உறிஞ்சினேன், சுற்றினேன், துப்பினேன், எழுதினேன்.
ஒன்பதாவதற்கு மட்டும் மதிப்பெண் இல்லை.
சாயங்காலம் கழுவ எடுத்த சடைச்சி
அதைக் கவிழ்த்துப் பார்த்தாள்,
ஒரு சொட்டு விழவில்லை.
என்னைப் பார்த்தாள்.
நான் மூடுபனியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.