மூடி எண் ஒன்று

டின்மீன் டப்பாவை இரண்டு தரம் சோப்புப் போட்டுக் கழுவியும்
வாடை போகவில்லை.
உள்ளே பதினேழு பீர் மூடிகள்.
எண்கள் நான் எழுதியவை, நெயில் பாலிஷில்,
தங்கை கல்யாணத்துக்கு வாங்கி மிஞ்சிய சிவப்பு.

டொங்காட்டுக்கு மேற்கே, கரும்புக்கு நடுவே
ஒரு செம்மண் வளையம். சனிக்கிழமை மதியம்.
எங்கோ தோகை எரிக்கிறார்கள்.
கரித்தூள் பறந்து வந்து
என் கணக்கு நோட்டில் உட்கார்கிறது,
மூன்றை எட்டாக்கப் பார்க்கிறது.

இங்கே நேரம் பார்த்து வரிசை கட்டுவதில்லை.
அந்தக் கடிகாரம் வாங்கக் காசில்லை,
வாங்கினாலும் யார் அதை நம்புவார்கள்?
கையை விடு, மூடியை எடு, எண்ணைக் காட்டு.
ஒன்று என்றால் உள்வட்டம், முன்வரிசை,
கண்ணெதிரே வெறும் பாதை.
பதினேழு என்றால்
பதினாறு பேர் கிளப்பும் மண்ணைத் தின்னலாம்.

வில்லெம் ஸ்ட்ரைடம் எடுக்கும் முன் தொப்பியைக் கழற்றுவான்.
அவன் அப்பா காலத்தில் எங்களுக்கு
வேலிக்கு வெளியேதான் இடம்;
அதை முடிவுசெய்ய டப்பா எதுவும் தேவைப்படவில்லை.
ம்தெம்பு கண்ணை மூடமாட்டான், என்னையே பார்ப்பான்.
நாயக்கர் பையன் நவநீதன் குலுக்கச் சொல்வான்,
குலுக்கினால் இன்னொரு தரம் என்பான்.
கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பது போலத்தான்,
வெள்ளையா சிவப்பா என்று
சாமியைத் தொந்தரவு செய்யாமல்
மீன் டப்பாவைக் கேட்கிறோம்.

குபேந்திரன் கடைசியில் வருவான். என் வீட்டுக்காரன்.
இந்த சீசன் முழுக்க அவன் கைக்கு
பதின்மூன்று, பதினாறு, பதினைந்து, மறுபடி பதினாறு.
"உன் கைராசி" என்றான் போன வாரம்
ரொட்டியைப் பிட்டுக்கொண்டே. சிரித்தபடிதான் சொன்னான்.
அவன் எழுந்து போன பிறகும்
அந்தச் சிரிப்பு தட்டிலேயே கிடந்தது.

அதனால் இன்று
டப்பாவின் உட்சுவரோடு ஒரு மூடியைச் சேர்த்துக்
கட்டைவிரலால் அழுத்திக்கொண்டேன்.
பதினாறு கைகள் வந்து போயின,
கிரீஸ் கைகள், மோதிரக் கைகள், பிளாஸ்டர் ஒட்டிய ஒன்று.
எண் அழிந்திருக்கிறதே என்று
காலையில்தான் அதை மறுபடி தீட்டியிருந்தேன்.
காயவில்லை என்பது
விரலுக்குத்தான் முதலில் தெரிந்தது.

அவன் ஒன்றைத் தூக்கிக் காட்டியதும்
நவநீதன் விசிலடித்தான்.
வரிசை எழுதுகிற தெம்பேக்கா என் கையைப் பார்த்தாள்.
"ஓட்டுப் போட்டுவிட்டு வருகிறாயா?"
அதற்குமேல் கேட்கவில்லை. எழுதினாள்:
ஒன்று, கார்ட்டினா.

முதல் பந்தயம் எட்டுச் சுற்று.
முன்னால் ஆளில்லாமல் அவன் ஓட்டி நான் பார்த்ததே இல்லை.
வளைவில் பின்சக்கரம் சறுக்கும்போதெல்லாம்
பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன்,
நான்தான் ஸ்டியரிங்கைத் திருப்புவது போல.
ஜெயித்தான்.

பிறகுதான் நினைவு வந்தது,
கழிப்பறைக் கதவுக்குப் பக்கத்தில்
நானே அச்செடுத்து ஒட்டிய விதி:
இறுதிப் பந்தயத்தில் வரிசை தலைகீழ்.
ஜெயித்தவன் கடைசியில் நிற்க வேண்டும்.
தெம்பேக்கா பென்சில் முனையை நாக்கில் தொட்டுப்
பெயர்களைக் கீழிருந்து மேலாக எழுதினாள்.
என் பக்கம் திரும்பவேயில்லை,
அதுதான் பொறுக்கவில்லை.

பதினேழாவது இடத்தில் கார்ட்டினா.
கண்ணாடியில்லாத ஜன்னலில் அவன் முழங்கை.
எத்தனையோ சனிக்கிழமை நின்ற இடம்தான்.
இன்று மட்டும்
எல்லாரும் சாப்பிட்டாயிற்றா என்று பார்த்துவிட்டுக்
கடைசிப் பந்தியில் உட்கார்கிற
கல்யாண வீட்டுக்காரன் போல இருந்தான்.

பதினொன்றாவதாக வந்தான். ஒரு கதவு போயிற்று.

இருட்டில், பின்னால் டிரெய்லர் கடகடக்க,
கரும்பு லாரி ஒன்றின் பின்னே ஊர்ந்தோம்.
எதிர் வெளிச்சம் விழும்போதெல்லாம்
ஸ்டியரிங்கின் மேல் அவன் ஆள்காட்டிவிரல் தெரிந்தது,
நுனியில் சிவப்பு.
மூடியை எடுத்தவன் விரலில் அது இருக்கத்தானே செய்யும்.
என் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"அடுத்த தடவை" என்றான்,
லாரியை முந்த இண்டிகேட்டர் போட்டபடி,
"முந்தின ராத்திரியே தீட்டி வைத்துவிடு."